நாற்பதில் முதுமை

2022ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் எமது நாட்டின் அரசாங்கக் காரியாலயங்களிலிருந்தும் பாடசாலைகளிலிருந்தும் ஒரு தலைமுறையே ஒரே நாளில் எழுந்து வெளியேறிற்று. அவ்வாண்டின் தொடக்கத்தில் 65 ஆக உயர்த்தப்பட்ட ஓய்வு வயது, ஆகஸ்டு மாதத்து இடைக்கால வரவு செலவுத் திட்டத்தினால் 60க்கு இறக்கப்பட்டமையே இதற்குக் காரணம். தனியார் துறையிலோ நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அதுவரை பெரும்பாலும் 55 என வழங்கிவந்த வயதைப் படிமுறையாக 60க்கு ஏற்றியது. ஒரே நாட்டில், ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரு சாராருக்கு இறக்கமும் மற்றொரு சாராருக்கு ஏற்றமும்!

நாம் பணியாற்றும் பாடசாலையின் ஆசிரியர் அறையிலும் அன்று சில நாற்காலிகள் வெறுமையாயின. அவற்றைச் சுற்றி இருவகைப் பேச்சு எழுந்தது. "இனியாவது வேலை நடக்கும், இளம் இரத்தம் வரட்டும்" என்றனர் சிலர். "அனுபவம் போய்விட்டது, இனிப் பிள்ளைகளின் பாடு திண்டாட்டந்தான்" என்றனர் வேறு சிலர். இரு சாராரும் ஒரு விடயத்தில் ஒத்திருந்தனர். மனிதனின் உழைப்புத்திறன் அவனுடைய வயதில் அடங்கியிருக்கிறது என்பதே அது. வயதைச் சொன்னால் திறனைச் சொல்லிவிடலாம் என்னும் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றைக் கைத்தொழிற் புரட்சியின் தாயகத்திலிருந்து தொடங்குவதே முறையாகும்.

உழவன் வீட்டில் எண்பது வயதுக் கிழவனுக்கும் எட்டு வயதுச் சிறுவனுக்கும் வேலை இருந்தது. கிழவன் மழையின் குறி அறிந்து விதைப்புக்கு நாள் சொன்னான். சிறுவன் மாட்டை மேய்த்தான். அந்த வாழ்வு இன்பமயமானது என்று நாம் சொல்ல வரவில்லை. நிலமுடையவனின் கொடுமையும் பஞ்சமும் கொள்ளைநோயும் அதற்குள் இருந்தன. ஆயினும் ஒருவன் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு செய்தான் என்று எவரும் அளக்கவில்லை. அளவை ஆலையோடு வந்தது. நீராவி இயந்திரம் எல்லோருக்கும் ஒரே வேகத்தை விதித்தபோதுதான், அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பவன் யார், கொடாதவன் யார் என்னும் பிரிவினை பிறந்தது.

பிரித்தானிய ஆலைகளைப் பற்றி 1839ஆம் ஆண்டுக்குரிய கணக்கொன்று உண்டு. ஆஷ்லி பிரபு 1844ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாராளுமன்றத்தில் எடுத்துரைத்த அக்கணக்கை இளைஞரான எங்கெல்ஸ், ஆங்கிலத் தொழிலாளரின் நிலைமை பற்றி 1845இல் வெளியிட்ட தமது நூலிற் சேர்த்துக்கொண்டார். ஆலைத் தொழிலாளர் மொத்தம் 4,19,560 பேர். அவர்களுள் 1,92,887 பேர் 18 வயதுக்குட்பட்டோர். பெண்கள் 2,42,296 பேர். அப்பெண்களிலும் 1,12,192 பேர் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். கழித்துப் பார்த்தால் வயது வந்த ஆண்கள் எத்தனை பேர்? 96,569 பேரே! நாலில் ஒரு பங்குகூட இல்லை. உலகின் பட்டறை என்று பெயர்பெற்ற நாடு, பெரும்பகுதி பெண்களின் கைகளையும் பிள்ளைகளின் கால்களையும் கொண்டே நூல் நூற்றது.

கால்கள் என்று நாம் சொன்னது வாய்தவறிச் சொன்னதன்று. நூற்கும் இயந்திரத்தின் வண்டி முன்னும் பின்னும் ஓடும். அறுந்த இழைகளை ஒட்டுகின்ற பிள்ளைகள் அதனோடு கூடவே நடப்பர். ஜோன் பீல்டன் என்பவர் தாமே ஆலை முதலாளி, பாராளுமன்ற உறுப்பினருங்கூட. அவர் தமது ஆலையிலேயே அளந்து பார்த்தார். ஒரு பிள்ளை பன்னிரண்டு மணி நேரத்தில் ஏறக்குறைய 20 மைல் நடக்கின்றது என்று கண்டார். இலங்கையின் பட்டணத்துப் பிள்ளை ஒன்றை அவ்வளவு தூரம் ஒரு நாள் நடக்கச் சொல்லிப் பாருங்கள். அக்குழந்தைகள் ஞாயிறு தவிர்ந்த ஒவ்வொரு நாளும் நடந்தன.

குழந்தைகளைச் சேர்த்ததற்குக் காரணம் கூலி மலிவு, அவ்வளவுதான். வயது ஏறக் கூலியும் ஏறவேண்டும். ஏறும்போது அவனை விலக்கி வேறொரு குழந்தையைச் சேர்த்துவிடலாம். அச்சுத் தொழிலில் இவ்வழக்கம் எவ்வளவு தூரம் சென்றதென்பதை மார்க்ஸ் 'மூலதனம்' முதற் பாகத்திற் காட்டியுள்ளார். இயந்திரத்துக்குக் காகிதம் கொடுக்கவும் எடுக்கவும் 11 வயதிலிருந்து அமர்த்தப்பட்ட சிறுவர்கள் 17 வயதளவில் வெளியேற்றப்பட்டனர். எழுத்தும் அறியார், தொழிலும் அறியார். பதினேழு வயதில் வேலைக்கு உதவாத முதியவர்!

நூலாலைகளில் எல்லை சற்றுத் தள்ளி நின்றது. ஆஷ்லி பிரபுவின் கணக்கிலேயே உள்ள மற்றோர் எண்ணை இங்கே தருகின்றோம். ஸ்ரொக்போட்டிலும் மஞ்செஸ்ரரிலும் பல ஆலைகளில் வேலை செய்த 22,094 பேருள் 45 வயதைக் கடந்தவர்கள் 143 பேர் மட்டுமே. அவர்களிலும் 16 பேர் தயவின்பேரில் வைத்துக்கொள்ளப்பட்டவர்கள். ஒருவர் குழந்தையின் வேலையைச் செய்துகொண்டிருந்தார். ஆயிரத்துக்கு ஏழு பேரும் இல்லை. வேறிடத்து ஆலைகளில் எண்ணப்பட்ட 1,600 பேருள் 45 கடந்தவர் பத்துப் பேர். இதுவும் ஆயிரத்துக்கு ஆறு என்ற அளவே.

இவ்வெண்களை அப்படியே விழுங்கிவிட வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆஷ்லி பிரபு ஓர் இயக்கத்தின் தலைவர். தமது வாதத்துக்கு வலுவான எண்களைத் தேர்ந்திருப்பார். அக்காலத்து இங்கிலாந்தின் சனத்தொகையிலேயே மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் 15 வயதுக்குட்பட்டோர். ஆலைத் தொழிலோ புதிய தொழில். வேகமாகப் பெருகிய தொழில். புதிதாகப் பெருகும் தொழிலில் இளையோர் மிகுந்திருத்தல் இயல்பு. இவையனைத்தையும் கழித்த பின்னும் ஆயிரத்துக்கு ஏழு என்பது இயல்பான எண்ணன்று. மற்றவர்கள் எங்கே போயினர்? நாற்பதை நெருங்கியதும் கண்ணொளி குன்றிற்று. மென்னூல் நூற்பவனுக்குக் கண்ணே கருவி. பஞ்சுத் தூசி நெஞ்சை அடைத்தது. கால்கள் ஓடும் வண்டியோடு ஓட மறுத்தன. அப்பொழுது ஆலைக் கதவு மூடிக்கொண்டது. நாற்பது வயது நெசவுக் கிராமத்தில் முதுமையன்று. ஆலைக்குள் அது முதுமை. இயற்கை ஓரளவு கொடுத்த முதுமையை ஆலை இருபது ஆண்டுகள் முன்னதாகவே கொண்டுவந்து சேர்த்தது.

சரி, இப்படி இளையவர்களையே வைத்து, பன்னிரண்டும் பதின்மூன்றும் மணி நேரம் வேலை வாங்கியதனால் உற்பத்தித் திறன் உச்சத்தில் நின்றதா? முதலாளிமார் அப்படித்தான் நம்பினர். அவர்களுக்காக வாதாடிய ஒக்ஸ்போட் பொருளியலாளர் நாசோ சீனியர், ஆலையின் இலாபம் முழுவதும் நாளின் கடைசி மணி நேரத்திலிருந்தே கிடைக்கின்றது என்று 1837இல் எழுதினார். அந்த ஒரு மணியைக் குறைத்தால் தொழிலே அழிந்துவிடுமாம். பேராசிரியர்கள் இவ்வாறு எழுதும்போது எம்போன்ற வாத்திமார் சற்றுத் தயங்கியே எதிர்க்கத் துணிவோம். ஆனாற் சீனியருக்குப் பதில் சொன்னது இன்னொரு பேராசிரியர் அல்லர், ஓர் ஆலை. பிரஸ்ரன் நகரிற் கார்ட்னர் என்பவருக்கு இரு பெரும் ஆலைகள் இருந்தன. 1844ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் அவர் வேலைநேரத்தைப் பன்னிரண்டிலிருந்து பதினொன்றாகக் குறைத்தார். ஓராண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார். உற்பத்தி முன்னைய அளவே. செலவும் முன்னைய அளவே. தொழிலாளர் பதினொரு மணி நேரத்தில் முன்பு பன்னிரண்டு மணி நேரத்திற் பெற்ற கூலியையே பெற்றனர். கடைசி மணியில் இலாபம் இருக்கவில்லை, களைப்புத்தான் இருந்தது.

இவருக்கு ஒரு தலைமுறை முன்பே நியூ லனாக் ஆலையில் றொபேட் ஓவன் இதனைக் கண்டிருந்தார். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளைத் தாம் வேலைக்கு எடுப்பதில்லை என்றும், உணவு நேரம் நீங்கலாக நாளொன்றுக்கு 10¾ மணி நேரமே வேலை வாங்குவதாகவும் 1816இற் பாராளுமன்றக் குழுவின்முன் அவர் சாட்சியம் அளித்தார். ஆலை நட்டப்படவில்லை. ஆயினும் 1819இல் வந்த சட்டத்தை மேற்பார்க்க ஒருவரும் நியமிக்கப்படாமையால் அது காகிதத்திலேயே கிடந்தது.

1833ஆம் ஆண்டுச் சட்டத்துடன்தான் நிலைமை மாறத் தொடங்கியது. பட்டாலைகள் நீங்கலாக, 9 வயதுக்குட்பட்டோரை நெசவு, நூல் ஆலைகளில் அமர்த்தக் கூடாது; 13 வயது வரை வாரத்துக்கு 48 மணி நேரம்; 18 வயது வரை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம்; மேற்பார்வைக்கு நான்கு பரிசோதகர்கள். பட்டாலைக்கு ஏன் விலக்கு என்று வாசகர் கேட்கலாம். பட்டிழைக்குக் குழந்தைகளின் மெல்லிய விரல்களே ஏற்றவை என்பது முதலாளிமார் சொன்ன நியாயம்! நான்கு பரிசோதகர்களுள் ஒருவரான லெனாட் ஹோனரின் பெயர் மறக்கத்தக்கதன்று. கால் நூற்றாண்டுக்கு மேலாக, 1859 வரை, அந்த மனிதர் ஆலைக்கு ஆலை நடந்து முதலாளிமாரோடு போராடினார்.

அவருக்கு நேர்ந்த முதல் இடர் விசித்திரமானது. பிள்ளையின் வயதை அறிவது எப்படி? இங்கிலாந்திற் பிறப்புப் பதிவு 1837இல்தான் தொடங்கியது. பெற்றோர் வறுமையால் வயதைக் கூட்டிச் சொல்வர். முதலாளி கேளாமலே ஏற்றுக்கொள்வார். ஆகவே வைத்தியர் உயரத்தைப் பார்த்தார், பல்லைப் பார்த்தார். பல்லைக் கொண்டு வயதறியும் முறைபற்றிச் சோண்டர்ஸ் என்ற பல்வைத்தியர் 1837இல் ஒரு நூலே வெளியிட்டார். சந்தையில் மாட்டின் வாயைத் திறந்து பார்ப்பதைப் போல ஆலை வாயிலிற் குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. மாட்டின் பல்லைப் பார்ப்பவன் வாங்குவதற்காகப் பார்க்கிறான். இங்கே குழந்தையை விடுவிப்பதற்காகப் பார்த்தனர்.

1844இற் சிறுவர்க்கு அரைநாள் வேலை, அரைநாள் பள்ளி என்ற ஏற்பாடு வந்தது. 1847இற் பீல்டனின் முயற்சியாற் பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியது. சீனியர் கூறிய அழிவு வந்ததா? வரவில்லை. பிரித்தானியப் பருத்தித் தொழில் அதன் பின்னரே தன் உச்சியை நோக்கி ஏறிற்று. மலிவான பிள்ளைகளும் முடிவில்லாத நாளும் கைக்கெட்டாமற் போனபோது முதலாளிமார் இயந்திரத்தைத் திருத்தினர், வேகத்தைக் கூட்டினர், ஒருவனிடம் கூடுதலான கதிர்களை ஒப்படைத்தனர். மார்க்ஸ் இதனை மிக நுட்பமாகக் கண்டார். நாளின் நீளம் குறைந்ததும் மணியின் இறுக்கம் கூடிற்று என்பது அவருடைய கருத்து. தொழிலாளிக்கு இது முழு வெற்றியன்று. ஆயினும் வயது முதிர்ந்த தொழிலாளர் மிகுந்த ஆலை, குழந்தைகள் மிகுந்த ஆலையைவிடக் குறைவாக உற்பத்தி செய்யும் என்ற வாதம் அங்கே தோற்றது.

இவ்விடத்தில் எமக்கு உவப்பில்லாத ஓர் உண்மையையும் சொல்லித்தான் ஆகவேண்டும். அரைநாட் பிள்ளைகளை முற்றாக ஒழிக்க இன்னும் எழுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றன. 1918ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே அதற்கு முடிவு கட்டியது. அதற்கு முன், 1909இல், வயதெல்லையை உயர்த்தலாமா என்று லங்காஷயர் தொழிற்சங்கங்கள் தம் உறுப்பினரிடம் வாக்குக் கேட்டபோது, மிகப் பெரும்பான்மையோர் வேண்டாம் என்றே வாக்களித்தனர். தம் பிள்ளைகளின் அரைக்கூலியை இழக்கத் தொழிலாளரே விரும்பவில்லை. அவர்களை இகழ்வது எளிது. அவர்களுடைய கூலிச் சீட்டைப் பார்த்த பின் இகழ்வது அத்தனை எளிதன்று.

* * *

இதுவரை கண்டது இளமையின் கதை. முதுமையின் கதை சுவீடனில் ஓர் இரும்பாலையிற் கிடைக்கின்றது. ஹோர்ண்டால் என்பது அவ்வூரின் பெயர். அங்கிருந்த ஆலையிற் பதினைந்து ஆண்டுகளாகப் புதிய முதலீடு எதுவும் இடப்படவில்லை. அதே உலை, அதே இயந்திரம், பெரும்பாலும் அதே முறைகள். ஆனால் ஒரு மனித மணி நேரத்துக்குரிய உற்பத்தி ஆண்டுதோறும் சராசரி 2 வீதம் அளவில் உயர்ந்துகொண்டே சென்றது. எரிக் லுண்ட்பேர்க் என்ற பொருளியலாளர் 1961இல் இதனை எடுத்துக் காட்டினார்; அடுத்த ஆண்டே அமெரிக்கரான கெனத் அரோ தமது புகழ்பெற்ற கட்டுரையிற் கையாண்டார். ஆண்டுக்கு 2 வீதம் சிறிதாகத் தோன்றலாம். வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் அறிவர்: பதினைந்து ஆண்டுகளில் அது மூன்றிலொரு பங்கைத் தாண்டிவிடும். புதிய இரும்பு இன்றியே இரும்பாலை மூன்றிலொரு பங்கு பெருத்தது. அங்கே சேர்ந்துகொண்டே போனது தொழிலாளரின் அனுபவம் என்பதே அரோ தந்த விளக்கம். செய்து செய்து கற்றல் என்று அதற்குப் பெயர் வைத்தனர்.

கேட்கும்போது மனத்துக்கு இதமாக இருக்கின்றது. அனுபவம் வென்றது என்று எம் ஆசிரியர் அறையின் ஒரு சாரார் கைதட்டவும் கூடும். ஆனால் அவசரப்பட வேண்டாம். அமெரிக்காவில் மசாசூசெற்ஸ் மாநிலத்து லோவெல் நகரில் லோறன்ஸ் கம்பனியின் இரண்டாம் இலக்க ஆலையைப் போல் டேவிட் என்ற வரலாற்றறிஞர் ஆராய்ந்தார். அங்கும் ஹோர்ண்டாலை ஒத்த உயர்வு காணப்பட்டது. அனுபவந்தான் காரணம் என்று முதலில் முடிவு கட்டினர். பின்னர் 1985இல் லசோனிக், பிறஷ் என்னும் இருவர் அதே ஆலையை மீண்டும் ஆராய்ந்து வேறொன்றைக் கண்டனர். அந்த ஆலையில் முதலில் வேலை செய்தவர்கள் நியூ இங்கிலாந்தின் கமக்காரர் வீட்டுப் பெண்கள். மணமாகுமுன் சில ஆண்டுகள் உழைத்துவிட்டு ஊர் திரும்புபவர்கள். திரும்பிப் போக ஒரு வீடு இருந்தமையால் அவர்களுக்குத் துணிவும் இருந்தது. 1834இலும் 1836இலும் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். நாற்பதுகளின் நடுப்பகுதிக்குப் பின், அயர்லாந்தின் பஞ்சத்தாற் கடல்கடந்து வந்தவர்கள் அவர்களுடைய இடத்துக்கு வந்தனர். இவர்களுக்குத் திரும்பிப் போக ஊர் இல்லை. ஒருவருக்குக் கூடுதலான தறிகளைக் கொடுத்து வேகத்தைக் கூட்டியபோது இவர்கள் எதிர்க்கும் நிலையிலும் இல்லை. உற்பத்தி உயர்ந்ததில் கற்றலுக்குப் பங்கு உண்டு. கசக்கலுக்கும் பங்கு உண்டு.

பள்ளிக் கணக்கில் இரண்டு மாறிகள் ஒன்றாக ஏறினால் ஒன்றுதான் மற்றொன்றுக்குக் காரணம் என்று எழுதும் மாணவனுக்கு நாம் புள்ளி குறைக்கின்றோம். உழைப்பாளரின் வயதைப் பற்றிப் பேசும்போது அந்தப் பிழையைப் பெரியவர்களும் செய்கின்றனர். மால்ம்பேர்க், லின்ட், ஹல்வார்சன் ஆகிய மூவர் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. சுவீடனின் சுரங்கங்களையும் ஆலைகளையும் எடுத்துக்கொண்டு, 50 வயது கடந்தோர் மிகுந்த ஆலைகளையும் இளையோர் மிகுந்த ஆலைகளையும் அவர்கள் ஒப்பிட்டனர். முதற் பார்வையில் முதியோர் மிகுந்த ஆலைகளில் உற்பத்தித் திறன் குறைவு. இந்த இடத்தோடு நின்றிருந்தால் முதியோரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று எழுதியிருப்பர். அவர்கள் நிற்கவில்லை. முதியோர் மிகுந்த ஆலைகள் எத்தகையவை என்று பார்த்தனர். அவை பழைய ஆலைகள். பழைய இயந்திரங்களோடு இயங்குபவை. புதிய ஆலை புதிதாக ஆள் சேர்க்கும். ஆகவே அதில் இளையோர் இருப்பர். பழைய ஆலையிற் பழைய தொழிலாளர் இருப்பர். அந்த வேறுபாட்டை நீக்கி, ஒவ்வோர் ஆலையையும் அதனோடே ஒப்பிட்டுப் பார்த்தபோது முடிவு தலைகீழாயிற்று. ஓர் ஆலையில் முதியோரின் பங்கு ஏறும்போது உற்பத்தித் திறனும் பொதுவாக ஏறியே இருந்தது. இளையோர் பங்கு ஏறும்போதுதான் குறைந்தது. இயந்திரத்தின் முதுமைக்கு மனிதன் பழி சுமந்திருந்தான்.

ஜெர்மனியிலிருந்து இரு செய்திகளை மட்டும் சொல்லி இப்பகுதியை முடிக்கலாம். வோர்த் என்னும் ஊரிலுள்ள மெர்சிடிஸ் பாரஊர்தித் தொழிற்சாலையிற் பிழைகளை எண்ணிப் பார்த்த ஆய்வாளர், முதிய தொழிலாளர் சிறு பிழைகளைச் சற்றே கூடுதலாகச் செய்யினும், பெரும் பிழைகளைக் குறைவாகச் செய்கின்றனர் என்றும், அறுபது வயது வரை உற்பத்தித் திறன் குன்றவில்லை என்றும் கண்டனர். டிங்கோல்பிங் என்னுமிடத்துப் பி.எம்.டபிள்யூ. தொழிற்சாலையில் 2007இல் வேறொரு சோதனை நடந்தது. பத்தாண்டுகளின் பின் தமது தொழிலாளரின் சராசரி வயது 47 ஆகும் என்று கணித்து, அன்றே அத்தகைய சராசரி வயதுள்ள 42 பேரை ஒரு வேலைவரிசையில் நிறுத்தினர். மற்றவர்கள் அதனை ஓய்வூதியர் வரிசை என்று நையாண்டி செய்தனராம். அத்தொழிலாளரையே கேட்டு ஏறக்குறைய 70 சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. சீமெந்துத் தரைக்குப் பதிலாக மரத்தரை, காலுக்கேற்ற பாதணி, உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய மேசை, உருப்பெருக்கிக் கண்ணாடி, இடையிடையே உட்கார நாற்காலி. எல்லாச் செலவும் சேர்ந்து 40,000 யூரோ அளவே. ஓராண்டில் உற்பத்தித் திறன் 7 வீதம் உயர்ந்து, இளையோர் வரிசைகளோடு சமமாயிற்று. மரத்தரையும் ஒரு நாற்காலியும்! லங்காஷயரில் 45 வயதிலே துரத்தப்பட்டவர்களுக்கு எவரும் ஒரு மூக்குக்கண்ணாடி கொடுத்துப் பார்த்ததில்லை. முதலாளித்துவம் திருந்திவிட்டது என்பது இதன் பொருளன்று. ஜெர்மனியில் இளந் தொழிலாளர் அருகிவிட்டனர். ஆகவே முதியவரின் முழங்கால் அங்கே கவனிக்கப்படுகிறது.

* * *

இளைஞர் அருகிவிட்ட இடம் ஒன்று எமது நாட்டிலும் உண்டு. மலையகத் தோட்டங்களையே சொல்கின்றோம்.

கோப்பிக் காலத்திற் கங்காணிமார் அழைத்து வந்தவர்கள் பெரும்பாலும் ஆண்கள்; பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து திரும்பியவர்கள். 1869இற் கண்ட இலைநோயாற் கோப்பி அழிந்து தேயிலை வந்தபோது ஆண்டு முழுவதும் ஆள் வேண்டியிருந்தது. கொழுந்து பறிக்க ஆணைவிடப் பெண்ணும் பிள்ளையும் மலிவு. ஆகவே குடும்பங்கள் வந்தன, லயங்கள் எழுந்தன. தொழிலாளரின் வயதமைப்பு தேயிலைச் செடியின் தேவைக்கேற்பத் தீர்மானமாயிற்று. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பத்து வயதுக்குட்பட்டோரை வேலைக்கு எடுப்பதைத் தடுத்தது. அதன் கீழ் உயர்ந்த மலைப்பகுதிக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம் என விதிக்கப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குச் சட்டமே ஒரு விலை குறித்தது என்பதை வாசகர் கவனிக்கவேண்டும். லங்காஷயரின் குழந்தைகளைப் பற்றிக் கண்ணீர் வடித்த பாராளுமன்றத்தின் ஆட்சியில், அக்கண்ணீருக்குப் பல பத்தாண்டுகளின் பின் இது நடந்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்த வயது இந்நாட்டில் 14இலிருந்து 16 ஆக உயர்ந்தது 2021இல்தான்.

இன்று அந்த வயதமைப்பு கவிழ்ந்துவிட்டது. படித்த பிள்ளைகள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டனர். அதற்காக நாம் வருந்தவில்லை. அவர்களைப் படிப்பித்தவர்கள் நாமே. மலையிற் கூடை சுமப்போர் பலர் ஐம்பதை நெருங்கியவர்கள், கடந்தவர்கள். 1992இல் தோட்ட நிருவாகத்தை ஏற்றுக்கொண்ட கம்பனிகள் ஆண்டுதோறும் ஒரே பல்லவியைப் பாடுகின்றன. எமது தொழிலாளி ஒரு நாளிற் பறிக்கும் கொழுந்து கென்யாவின் தொழிலாளி பறிப்பதைவிடக் குறைவு. ஆகவே சம்பளம் ஏற்ற முடியாது. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என வர்த்தமானியில் வந்தபோது, பல தோட்டங்களிற் பறிக்கவேண்டிய கிலோக் கணக்கு உயர்த்தப்பட்டது. கணக்கு நிறையாவிட்டால் அரைப்பேர்.

சுவீடன் ஆய்வாளர் கேட்ட கேள்வியை இங்கே எவராவது கேட்டதுண்டா? கென்யாவில் வியாபாரத் தேயிலை இருபதாம் நூற்றாண்டின் இருபதுகளில் தொடங்கியது; பெரும் பரப்பு அதன் பின்னரே நடப்பட்டது; நல்லினக் கன்றுகள் மிகுதி. எமது மலைகளிலோ வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் விதையிலிருந்து முளைத்த செடிகள் இன்னும் பெரும் பரப்பிற் கிடக்கின்றன. செடிக்கும் செடிக்கும் இடையே வெற்றிடம். மழை மண்ணை அரித்துச் சென்ற சரிவு. தலவாக்கலையிலுள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையம் கூடிய விளைவு தரும் வி.பி. இனங்களைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே உருவாக்கிக் கொடுத்தது. தாழ்நிலத்துச் சிறுதோட்டக்காரர் அவற்றை நட்டுப் பயன்பெற்று, நாட்டின் தேயிலையிற் பெரும்பங்கை இன்று அவர்களே தருகின்றனர். பெருந்தோட்டங்களில் மீள்நடுகை ஆமை வேகம். நட்ட கன்று பலன் தரச் சில ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். குத்தகைக்கு எடுத்தவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. அரும்பு இல்லாத செடியில் இருபது வயதுக் கையும் வெறுங்கைதான்.

ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் கை இருபது வயதுக் கையைவிட வேகம் குறைந்ததாக இருக்கலாம். அதனை நாம் மறுக்கவில்லை. செங்குத்தான மலையில் கூடையோடு ஏற அவளுக்கு மூச்சு வாங்கும். ஆனால் எந்த அரும்பைக் கிள்ளுவது, அடுத்த முறைக்கு எதனை விடுவது என்பதை அந்தக் கை அறியும். முற்றலும் பிஞ்சும் சேர்த்து உருவிப் போட்டுக் கிலோவை நிறைக்கும் கையினாற் செடியும் கெடும், தேயிலையின் தரமும் கெடும். மாலையிற் கொழுந்து நிறுக்கும் தராசு இவ்வேறுபாட்டைக் காட்டாது. டிங்கோல்பிங் தொழிலாளரிடம் கேட்கப்பட்டதைப் போல, அவளிடம் எவரும் எதனையும் கேட்டதாக நாம் அறியோம். கூடையின் பாரத்தை என்ன செய்யலாம், நிறுக்கும் இடத்தை மலைக்கு அருகே கொண்டுவரலாமா, சரிவான மலையை யாருக்கு விடலாம், தாழ்ந்த மலையை யாருக்கு விடலாம் என்பனவெல்லாம் கேட்டால் தெரியவரும்.

எமது பத்தாம் வகுப்பில் தோட்டத்துப் பிள்ளைகள் சிலர் படிக்கின்றனர். சென்ற தவணையில் மாணவி ஒருத்தி தன் பாட்டியின் நாட்காட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். முழுப்பேர் விழுந்த நாட்களுக்கு ஒரு கோடு. அரைப்பேருக்குப் பாதிக் கோடு. எழுத்தறியாத அம்மூதாட்டி தன் கணக்கைத் தானே வைத்திருக்கிறாள். அந்த மாதத்திற் பாதிக் கோடுகளே மிகுதி. பாட்டி பறிக்கும் மலையிலுள்ள செடி எந்த ஆண்டு நட்டது என்று கேட்டு வரும்படி சொன்னோம். மறுநாள் வந்து, லயத்தில் எவருக்கும் தெரியவில்லை என்றாள். தன்னுடைய தாயும் அதே செடிகளில்தான் கொழுந்து பறித்தாள் என்று மட்டும் பாட்டி சொன்னாளாம்.